வெள்ளையின் முறை

கடிகாரத்தை அழுத்திவிட்டுக் கையை எடுக்கும்போதுதான் தெரிந்தது. யானையைப் பலகையின் நடுவில் கொண்டுபோய் வைத்தாயிற்று, விரல் காயை விட்டாயிற்று, என் பக்கத்து முள் நின்று எதிரே உட்கார்ந்திருக்கும் சேஷகோபாலன் பக்கத்து முள் ஓடத் தொடங்கிவிட்டது, அதற்குப் பிறகு என் கண் சாவகாசமாகப் போய்ப் பார்க்கிறது. என் ராணி அந்த யானையைக் காக்கிறாள். சரி. அதே ராணிதான் கடைசி வரிசையில் திறந்து கிடக்கும் ஒரு கட்டத்தையும் காக்கிறாள். ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் காவல். சேஷகோபாலன் தன் ராணியால் யானையை வெட்டினால் நான் என் ராணியால் அவர் ராணியை வெட்ட வேண்டும். வெட்டினால் கடைசி வரிசையில் ஆளில்லை. அவருடைய யானை நேராக உள்ளே இறங்கும், மேட். வெட்டாமல் விட்டால் ஒரு யானை சும்மா போகும், அதுவும் தோல்விதான், கொஞ்சம் மெதுவான தோல்வி. என் ராஜா மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் சுவரோரம் நிற்கிறார், ஒதுங்க ஒரு கட்டம் கிடையாது. புதிதாக ஆட வந்தவனுக்கு முதல் மாதத்தில் சொல்லிக்கொடுப்பது இது. நான் முப்பது வருஷமாக ஆடுகிறேன். முகத்தை மாற்றாதே. முதலில் முகம். பேனாவை எடு, நகர்வை எழுது, எப்போதும் அதைத்தானே செய்வாய். எழுதினேன். இருபத்தேழாவது நகர்வு. எழுத்து வழக்கத்தைவிடக் குண்டுகுண்டாக, அழகாக விழுந்தது. அதுவே காட்டிக்கொடுத்துவிடுமோ என்று தாளைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இழுத்திருக்கக் கூடாது. சேஷகோபாலன் தாளைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்க்கிறார். பலகையில் எங்கே பார்க்கிறார் என்பது அந்தத் தடிமனான கண்ணாடிக்குப் பின்னால் தெரியவில்லை.

அரைப் புள்ளி போதும் எனக்கு. பதினாறு பேர் ஆடும் தேசியப் போட்டி, இது கடைசிச் சுற்று, டிரா ஆனால் அரைப் புள்ளி, ஆறாம் இடம். முதல் ஆறு பேர் அடுத்த வருஷமும் நேராக ஏ பிரிவுக்கு வரலாம். மற்றவர்கள் பி பிரிவுக்குப் போய், கல்யாணப் பந்தி மாதிரி முழங்கை இடிக்க இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் முட்டிமோதி மறுபடி ஏறி வர வேண்டும். எனக்கு நாற்பத்தாறு. போன முறை ஏறி வந்ததே மூச்சு வாங்கி வந்தது. இனி ஏற முடியாது என்பது எனக்குத் தெரியும், என் மனைவி சொர்ணத்துக்கும் தெரியும். போட்டிக்கு நாக்பூர் கிளம்புகிற அன்று பெட்டியில் ஸ்வெட்டரை மடித்து வைத்துக்கொண்டே கேட்டாள், "இந்தத் தடவ ஆறுக்குள்ள வரலேன்னா?" "வரலேன்னா விட்டுருதேன்." "பி-ல ஆடப் போம்போதும் இதத்தான சொன்னீய. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க." சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்துக்கொண்டே கரண்ட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதினேன். ஆறாம் இடத்துக்குக் கீழே போனால் இனி செஸ் காயைத் தொடமாட்டேன், ப. ஆவுடையப்பன். வாங்கிப் படித்துவிட்டு, "தேதி போடலியே" என்றாள். தேதி போட்டேன். பீரோவைத் திறந்து ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்தாள், அப்போது அவள் சிரிக்கவில்லை. குறை சொல்ல என்ன இருக்கிறது. பதினோரு டிசம்பர் அவள் தனியாக இருந்திருக்கிறாள். அவளுடைய அப்பா இறந்த அன்று நான் கட்டாக்கில் ஒரு குதிரையையும் இரண்டு சிப்பாய்களையும் வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரமாக உட்கார்ந்திருந்தேன். தந்தியை நடுவர் ஆட்டம் முடிந்த பிறகுதான் கொடுத்தார். நல்ல மனுஷர், ஆட்டம் கெடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். மூன்று ரயில் மாறிப் பாளையங்கோட்டை வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சொர்ணம் வாசலில் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், "ஜெயிச்சீயளா?" "டிரா." உள்ளே போய்விட்டாள். அந்த டிராவை அவள் எந்தக் கணக்கில் வைத்திருக்கிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஸ்வெட்டருக்குள் வியர்க்கிறது. கழற்றலாம். இப்போது கழற்றினால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார், ஏன் திடீரென்று இவனுக்குப் புழுங்குகிறது என்று யோசிப்பார், யோசித்துவிட்டுப் பலகைக்குத் திரும்பும்போது வேறு கண்ணோடு திரும்புவார். வேண்டாம். வியர்க்கட்டும்.

ஆறு நிமிஷம் ஆகிவிட்டது. சேஷகோபாலனுக்கு அறுபத்து மூன்று வயது. பம்பாயில் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர், இரண்டு முறை தேசிய சாம்பியன், இந்த முறை பதினோராவது இடம். இந்த ஆட்டத்தில் ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதவர் ஏன் இத்தனை நேரம் யோசிக்க வேண்டும். காலையில் உட்கார்ந்ததும் கை கொடுத்துவிட்டுச் சொன்னார், "மலர்ல நீங்க எழுதினதைப் படிச்சேன். நன்னா எழுதியிருக்கேள். ஒரு வருஷம் மட்டும் தப்பு. ஆட்டம் முடியட்டும், சொல்றேன்." அதிலிருந்து அது வேறு உறுத்திக்கொண்டிருக்கிறது. போட்டி மலருக்கு இந்தச் சாம்பியன் பட்டத்தின் சரித்திரத்தை எழுதித் தரும்படி என்னைத்தான் கேட்டார்கள், ஆவுடையப்பனுக்கு எல்லா வருஷமும் மனப்பாடம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். வருஷம், ஊர், சாம்பியன் பெயர், புள்ளி. எது தப்பு? எதைச் சொல்கிறார்? அறுபத்து மூன்றாம் வருஷத்தையா? அறுபத்து மூன்றில்தான் இவர் முதன்முதலாகச் சாம்பியன் ஆனார். மலரில் ஒரே வரி, அறுபத்து மூன்றில் பம்பாய் சேஷகோபாலன் பட்டம் வென்றார். எப்படி என்று எழுதவில்லை. அந்த வருஷம் கடைசிச் சுற்றில் லட்சுமிபதி என்கிற விசாகப்பட்டினத்து எஞ்சினியர் இவருக்கு எதிராக ஜெயிக்கிற ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். நல்ல நகர்வு ஒன்றைச் செய்தார், செய்த சந்தோஷத்தில் கடிகாரத்தை அழுத்த மறந்து டீ குடிக்கப் போய்விட்டார். அவர் நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இவர் கன்னத்தில் கைவைத்துத் தன் முறை போலவே யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து நிமிஷம். எதிராளியிடம் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. லட்சுமிபதி திரும்பி வந்து உட்கார்ந்து, இவர் ஏன் இன்னும் ஆடவில்லை என்று காத்துக்கொண்டிருக்கும்போதே நேரம் தீர்ந்து கடிகாரக் கொடி விழுந்தது, தோல்வி. அந்த இருபத்தைந்து நிமிஷமும் இப்போது உட்கார்ந்திருப்பது மாதிரிதான் உட்கார்ந்திருந்திருப்பார். அப்படியானால் இப்போதும் பார்த்துவிட்டாரா? பார்த்துவிட்டு, சும்மா, என் முகத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாரா? அப்படிச் செய்கிற ஆள் இல்லை. அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்.

உண்மையான சரித்திரத்தை எழுதினால் சாம்பியன் பெயரே அதில் வராது. எனக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு பிசகாகத்தான் ஞாபகம் இருக்கிறது. ராணியை எடுக்கப் போன கை பக்கத்தில் நின்ற ராஜாவைத் தொட்டுவிட்டது ஒரு வருஷம். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும், அழுதுகொண்டே ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினார் அந்த மனிதர், பட்டம் போயிற்று. இன்னொரு வருஷம் ஆட்டம் பாதியில் நின்று மறுநாளைக்குத் தள்ளிப்போனபோது, முன்னணியில் இருந்தவர் அடுத்த நகர்வை ரகசியமாக எழுதி உறையில் போட்டு ஒட்டி நடுவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார். காலையில் உறையைப் பிரித்தால் உள்ளே இருந்த நகர்வு அந்தப் பலகையில் செய்யவே முடியாத நகர்வு. குதிரை போகச் சொன்ன கட்டத்தில் அவருடைய சிப்பாயே நின்றது. ஆடாமலே தோல்வி. அவர் ஹோமியோபதி டாக்டராகி இப்போது ஜபல்பூரில் இருக்கிறார், செஸ் என்ற சொல்லைச் சொன்னால் நாடி பார்ப்பதை நிறுத்திவிடுவார் என்று சொல்வார்கள். மேலே ஒருவன் ஏறிய வருஷமெல்லாம் கீழே ஒருவன் கை தவறிய வருஷம்தான். இதையெல்லாம் எழுத நினைத்து, இரண்டு பக்கத்தில் அடங்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். அடங்காது என்பது பொய். இந்த வருஷத்துக்கு என்ன எழுதுவார்கள்? ஒன்றும் எழுதமாட்டார்கள். ஆறாம் இடத்தை யார் எழுதுகிறார்கள். ஒரு சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் தள்ளி வைத்திருந்தால் போதும், ராஜாவுக்கு ஒதுங்க இடம் கிடைத்திருக்கும், இந்தப் பயமே இல்லை. இருபத்திரண்டாவது நகர்வில் அதற்கு நேரம் இருந்தது. அப்போது நினைத்தேன்கூட. பிறகு செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

பதினான்கு நிமிஷம். எழுந்து போக வேண்டும். நல்ல நகர்வு செய்தவன் எழுந்து உலாவுவான், தப்புச் செய்தவன்தான் நாற்காலியோடு ஒட்டிக்கொள்வான், இது இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி, சோம்பல் முறிப்பது போல் எழுந்து, இரண்டு பலகைகளை நின்று பார்த்தேன். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. கறுப்பு, வெள்ளை, மரத்துண்டுகள். வராந்தாவில் இருதயராஜ் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். தூத்துக்குடிக்காரன், உப்பளத்தில் மேஸ்திரி, என்னோடு ஒரே ரயிலில் வந்தவன், இன்று இருபத்திரண்டு நகர்வில் தோற்றுவிட்டு ஒரு கவலையும் இல்லாமல் நிற்கிறான். தோற்றாலும் ஜெயித்தாலும் அவன் பி-க்குத்தான் போக வேண்டும், அது ஐந்தாம் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. "என்ன வே, பேயறஞ்ச மாதிரி வாரீரு?" என்றான். "ஒண்ணுமில்ல. தண்ணி குடிக்க வந்தேன்." "தண்ணி அங்கன இருக்கு. நீரு இங்கன வந்து நிக்கீரு." "சும்மா நிக்கேன், உமக்கென்ன?" "எனக்கு என்ன, நாந்தான் பத்தரைக்கே பாடம் ஒப்பிச்சிட்டு வந்துட்டேனே. இரும், உம்ம போர்டப் பாத்துட்டு வாரேன்." "வேண்டாம்." "ஏன், டிக்கெட் எடுக்கணுமோ?" ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு போனான். தடுக்க முடியாது. தடுத்தால் ஏன் என்று கேட்பான், ஏன் என்று சொல்லக் கூடாது, ஆட்டம் நடக்கும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது, அது விதி. விதி இல்லாவிட்டாலும் என் வாயால் சொல்ல முடியாது. கதவருகில் நின்று அவன் போவதைப் பார்த்தேன். முகம்தான் ஆபத்து. வேடிக்கை பார்க்கிறவனின் முகத்தைப் படித்தே ஆட்டத்தை ஜெயித்தவர்கள் உண்டு, இரண்டு பேர் ஒரே கட்டத்தை உற்றுப் பார்த்தால் பலகையில் இருக்கிறவனுக்குப் போதும். இருதயராஜ் நல்லவேளையாகச் சேஷகோபாலனின் முதுகுப் பக்கம் போய் நின்றான். மென்றுகொண்டே குனிந்தான். கொஞ்ச நேரம் மென்றான். பிறகு அவன் தாடை நின்றுவிட்டது. சுளை வாய்க்குள் அப்படியே இருக்கிறது, விழுங்கவும் இல்லை. இரண்டு விநாடி, மூன்று விநாடி. கூரையில் சுற்றாமல் தொங்கிய மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். அதில் ஏதோ பழுது பார்க்க வந்தவன் மாதிரி நன்றாகப் பார்த்துவிட்டு, மெதுவாக நடந்து என் பக்கத்தில் வந்து நின்றான். "மழ வரும் போலயிருக்கு" என்றான். வெளியே நாக்பூரின் டிசம்பர் வெயில் தரையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. "ஆமா" என்றேன். "ஒரு சுளை தின்னும்." வாங்கித் தின்றேன். புளிப்பா இனிப்பா என்று தெரியவில்லை. ஒருவன் மட்டும் அறிந்த தப்பை இன்னொருவனும் அறிந்துவிட்டால் பாதியாகக் குறையும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இப்போது அது இரண்டு பேருக்கும் முழுசாகத் தெரிகிறது.

கேரளத்துக்காரர் ஒருவர் எங்கள் பலகையை நோக்கிப் போவதைப் பார்த்தேன். நான் தோற்றால் ஆறாம் இடம் அவருக்குத்தான், தன் ஆட்டத்தை ஏற்கெனவே முடித்துவிட்டார், எத்தனை தடவை வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இருதயராஜ் பாதி ஆரஞ்சோடு குறுக்கே போய் அவர் தோளில் கை போட்டு, ஏதோ இங்கிலீஷில் கேட்டு, அவரை வராந்தாவின் மறுகோடிக்குத் தள்ளிக்கொண்டு போனான். உப்பளத்தில் கூலிக்காரர்களை இப்படித்தான் ஓட்டுவான் போலிருக்கிறது. இது விதியில் சேருமா? யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆரஞ்சு கொடுத்தான், அவ்வளவுதான். லட்சுமிபதியிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுவும் அவ்வளவுதான். நான் போய் டிரா கேட்டால்? அவர் யோசிக்கிற நேரத்தில் டிரா கேட்பது மரியாதை இல்லை, கேட்க வேண்டியது தன் நகர்வைச் செய்தவுடன், கடிகாரத்தை அழுத்துவதற்கு முன். நான் அழுத்தி இருபத்து மூன்று நிமிஷம் ஆயிற்று. இப்போது போய்க் கேட்டால், திருடிவிட்டேன், எங்கே என்று நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்வது மாதிரி. இன்னொரு யோசனையும் வந்தது. வந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். இவர் பார்த்துவிட்டால், இப்போதே முடிந்துவிட்டால், சொர்ணத்துக்கு ஒரு தந்தி கொடுத்துவிட்டு நிம்மதியாக ரயில் ஏறலாம். ஜனவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு எங்காவது போகலாம். எங்கே? நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எங்கே போவோம் என்று எனக்கு ஒரு இடம்கூடத் தோன்றவில்லை. அவள் பேசுவாள், நான் கேட்பேன், கேட்கிற மாதிரி இருப்பேன், தரையில் டைல்ஸ் கறுப்பும் வெள்ளையுமாக இருந்தால் குதிரை போகிற வழியில் கண் போகும், அதை அவள் கண்டுபிடித்துவிடுவாள். தொடமாட்டேன் என்றுதானே எழுதினேன். நினைக்கமாட்டேன் என்று எழுதவில்லை. அவள் அப்படி எழுதச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டேன்.

முப்பத்தோரு நிமிஷம். திரும்பிப் போய் உட்கார்ந்தேன். அதிக நேரம் வெளியே நிற்பதும் சந்தேகம்தான். உட்கார்ந்தால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தேன்? மடியில் வைத்தேன், பிறகு கைகட்டிக்கொண்டேன். ராணியைப் பார்க்கக் கூடாது, யானையைப் பார்க்கக் கூடாது, கடைசி வரிசையை நினைக்கவே கூடாது. பலகையின் இடது ஓரத்தில் சண்டைக்கு வராமல் நின்றுகொண்டிருந்த ஒரு சிப்பாயைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன், அதையே பார்த்தேன், அதில் ஏதோ பெரிய திட்டம் இருப்பது போல. அதன் தலையில் வார்னிஷ் போய் மரம் வெளுத்திருந்தது. எத்தனை விரல் தேய்த்திருக்கும். சேஷகோபாலன் மூச்சு விடுவது கேட்டது, மூக்கில் சிறு விசில் சத்தத்தோடு. என்னுடைய மூச்சும் அதோடு சேர்ந்து ஏறி இறங்குவதைக் கவனித்து, மாற்றி விட்டேன், பிறகு எப்படி விடுவது என்று மறந்துவிட்டது. அவர் கை எழுந்தது. மேசை விளிம்பிலிருந்து மெதுவாக, நரம்பு புடைத்த கை, பலகைக்கு மேலே வந்து நின்று, தாழ்ந்து, அவருடைய ராணியை நோக்கி வந்தது. விரல் இரண்டு ராணியின் கழுத்தருகே வந்துவிட்டன. எனக்குச் சொர்ணம் பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது, அந்தக் கதவு கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், ஒரு தட்டுத் தட்டினால்தான் திறக்கும். ராணியை எடுத்து நேராக யானைமேல் வைக்கப் போகிறார். "சரிபண்றேன்" என்றார் சேஷகோபாலன் மெல்லிய குரலில். காயைத் தொடுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட்டால் நகர்த்த வேண்டியதில்லை, கட்டத்துக்குள் கோணலாக நிற்கிற காயை நேராக்கிக்கொள்ளலாம். ராணியைக் கட்டத்தின் நடுவில் நேராக நிறுத்தினார். பக்கத்துக் குதிரையின் மூக்கையும் திருப்பி முன்னால் பார்க்கவைத்தார். கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சிரிக்க வேண்டும் போலிருந்தது. தலையை அசைத்தேன், பரவாயில்லை, சரிசெய்துகொள்ளுங்கள் என்பது போல. அவர் என்னைப் பார்க்கவில்லை. பலகையையும் பார்க்கவில்லை. மண்டபத்தின் நீளத்துக்கு ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் கணக்குப் போடுகிற ஒரு விதம்தான், சிலர் அண்ணாந்து பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

நாற்பத்தோராவது நிமிஷத்தில் ஓரத்துச் சிப்பாய் ஒன்றை ஒரு கட்டம் நகர்த்தினார். நகர்த்திவிட்டு, கடிகாரத்தைத் தொடாமல், "டிரா?" என்றார். கேட்டது புரிவதற்குள் என் கை பாதி தூரம் எழுந்துவிட்டது. பிடித்து நிறுத்தினேன். உடனே ஒத்துக்கொண்டால் தெரிந்துவிடும். முகவாயைத் தடவிக்கொண்டு, யோசிக்கிறவன் போலப் பலகையைப் பார்த்து, மனதுக்குள் எண்ணினேன். இருபதுவரை எண்ண நினைத்தேன், பதினான்கில் தாங்கவில்லை. "சரி" என்று கை கொடுத்தேன். அவர் கை உலர்ந்திருந்தது. என்னுடையது ஈரம், கொடுத்த பிறகுதான் துடைத்துக்கொண்டு கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. இரண்டு பேரும் இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டோம். நடுவர் வந்து வாங்கிப் பார்த்து, அரை, அரை என்று எழுதிக்கொண்டு, காய்களைக் கலைத்து வரிசையாக வைத்துவிட்டுப் போனார். ஆறாம் இடம். சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டது, சந்தோஷம் என்று சொல்ல ஒன்றும் வரவில்லை. கதவருகில் இருதயராஜ் நின்றான். நான் தலையசைத்ததும் அவன் மறுபடி மெல்ல ஆரம்பித்தான்.

"வாங்கோ, வெளில போய்ப் பாக்கலாம்" என்றார் சேஷகோபாலன். ஆட்டம் முடிந்தால் இரண்டு பேரும் வேறொரு பலகையில் அதை மறுபடி அடுக்கி, எங்கே என்ன நடந்தது என்று பேசித் தீர்ப்பது வழக்கம். செய்யாமல் போனால் சண்டை என்று அர்த்தம். வராந்தாவில் அதற்கென்று இரண்டு மேசை போட்டிருந்தார்கள். போகும்போது நான்தான் கேட்டேன், வாய் கேட்டுவிட்டது, "நாப்பது நிமிஷம் என்ன சார் யோசிச்சீங்க?" "யோசனையா? ஒண்ணும் யோசிக்கலையே. டிராதான் கேக்கணும்னு காலம்பறயே நெனச்சுண்டுதான் வந்தேன். அடுத்த வருஷம் நான் இல்லை, ஆவுடையப்பன். பி-ல போய் உக்கார எனக்கு முதுகு இல்லை, கண்ணும் இல்லை. உங்க யானை வந்து நின்னுது. சரி, இதுக்குப் பதில் ஆடிட்டா எல்லாம் முடிஞ்சுடுமேன்னு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். கடிகாரம் ஓடற சத்தம் கேக்க நன்னாத்தான் இருக்கு, இல்லையா?" அந்தச் சத்தத்தைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். "மலர்ல ஏதோ வருஷம் தப்புன்னீங்களே" என்றேன். "ஆமா, அறுபத்தெட்டாம் வருஷத்துக்கு க்வாலியர்னு போட்டிருக்கேள். அந்த வருஷம் க்வாலியர் இல்லை, ஜான்சி. அங்க ஸ்டேஷன்லதான் என் படுக்கையைத் தொலைச்சேன், எப்படி மறக்கும்?" "வேற ஒண்ணும் தப்பு இல்லையா?" நின்று என்னைப் பார்த்தார். "இல்லையே. எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கேள்" என்றார், என்ன கேட்கிறேன் என்று தெரிந்தமாதிரியும் இருந்தது, தெரியாதமாதிரியும் இருந்தது.

மேசையில் உட்கார்ந்தோம். இருதயராஜ் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டான், சேஷகோபாலனிடம் "கும்புடுதேன் சார்" என்றான். "வாங்கோ மிஸ்டர் இருதயராஜ், ஜெயிச்சேளா?" "நமக்கும் அதுக்கும் ரொம்ப தூரம் சார். தோத்துட்டேன்னு தாக்கல் குடுத்துட்டு வந்தேன்." சேஷகோபாலன் சிரித்துக்கொண்டே வெள்ளைக் காய்களைத் தன் பக்கம் இழுத்து, ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் வைக்கத் தொடங்கினார். ராஜா, யானை, ராணி. ஒரு தவறும் இல்லாமல் வந்தது. "உங்க யானை நடுவுல வந்த எடத்துலேர்ந்து பாப்போம். அங்க எனக்கு ஏதோ இருந்திருக்கணும்னு இப்போ தோண்றது. அப்போ பாக்கலை. கடைசி ஆட்டம் பாருங்கோ, இருந்து விட்டிருந்தா ராத்திரி தூக்கம் வராது. உங்க பக்கத்தை நீங்க அடுக்குங்கோ, இந்தக் கறுப்பு எனக்கு ஒண்ணோட ஒண்ணு கலந்துபோறது." கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். கண்ணாடி இல்லாத முகம் சின்னதாக இருந்தது, கண்ணுக்குக் கீழே இரண்டு பள்ளம். என் பின்னால் இருதயராஜ் இன்னொரு ஆரஞ்சின் தோலில் நகத்தை இறக்கினான், வாசனை வந்தது. நான் ராணியை வைத்தேன். நடுவில் யானையை வைத்தேன். குதிரை, இடது ஓரத்துச் சிப்பாய்கள். பிறகு ராஜா, அவர் முன்னால் ஒரு சிப்பாய், அதை ஒட்டி இன்னொன்று. மூன்றாவதை மட்டும் ஆட்டத்தில் நின்ற இடத்துக்கு ஒரு கட்டம் முன்னால் தள்ளி வைத்தேன்.